உச்சி வெயிலுக்கு மூட் இல்லையா?

போன கோடையில் ஒரு ஓவிய முகாம். படங்களைப் பார்வையிட வந்த பெரியவர் ஒருவர், ஒரு மாணவனின் நீர்வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டு, "கை நல்லாருக்கு தம்பி. ஆனா மூட் இல்லையே. கொடைக்கானல் பக்கம் போய் வரைஞ்சு பாரேன்" என்றார். படத்தில் இருந்தது திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய், நடுப்பகல். வெடித்த கரம்பை, கரையில் சீமைக்கருவேலம், தூரத்தில் கரிமூட்டப் புகை. பையன் தலையாட்டிவிட்டுப் படத்தை அட்டைக்குள் செருகிக்கொண்டான். எனக்குத்தான் ஆறவில்லை.

மூட் என்று இவர்கள் சொல்வது பனி, ஈரம், அந்திச் சிவப்பு. 1792இல் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தெற்கே வந்தபோது அவர்களை இழுத்தவை மதுரையின் மண்டபங்களும் பாபநாசம் அருவியும். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் கண் பழகிய வெளிச்சம் அது. நமக்கு என்ன வந்தது? தொல்காப்பியம் வேனிலையும் நண்பகலையும் பாலைக்குப் பொழுதாக வைத்தது. பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. பெரியவர் தேடிய மூட்டுக்கு நம்மிடம் இலக்கணமே இருக்கிறது. அதைப் படித்தவர்கள் அருப்புக்கோட்டை தாண்டியதும் பஸ் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார்கள்.

உத்திக்கே வருவோம். ஈரத்தாளில் ஈரவண்ணம் விட்டால் விளிம்புகள் கரைந்து மூட்டம் வரும். அதே கையோடு கரிசலுக்கு வந்தால் இங்கேயும் ஊட்டிதான் வரும். இங்கே சொரசொரப்பான தாளில், பாதி உலர்ந்த தூரிகையைப் படுக்கவைத்து இழுக்கணும். தாளின் மேடுகளில் மட்டும் வண்ணம் பிடிக்கும். பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். கண்ணைக் கூசவைக்கும் வெயில் அந்த வெள்ளைதான். நிழலை மரத்தடியிலேயே ஒடுக்கிவிடணும். மண்ணுக்குக் கறுப்பு டியூபைப் பிதுக்கினால் மண் செத்துப்போகும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து பாருங்கள், கரிசல் மூச்சுவிடும். பையன் இதையெல்லாம் செய்திருந்தான். உத்தி இருக்கு, மூட் இல்லை என்று பிரித்துப் பேசுகிறவருக்கு இரண்டுமே தெரியவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. சீமைக்கருவேலத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் பனைமரம் நட்டுவிடுவார்கள், படத்தில்தான். பனை அழகு, யார் இல்லையென்றது? ஆனால் கரிமூட்டம் போட்டு அடுப்பெரிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு, தன் வாசலில் நிற்கும் மரம் படத்துக்கு ஆகாது என்று சொல்லிக்கொடுப்பது என்ன கலை?

பிறகு அந்தப் பையனிடம் படத்தை விலைக்குக் கேட்டேன். "அது வேணாம் சார். கண்மாய்ல தண்ணி வரட்டும், நல்லதா ஒண்ணு வரைஞ்சு தர்றேன்" என்கிறான்.