தனி டம்ளர்

நம் கதாசிரியர்களுக்குக் க்ஷயரோகத்தின்மீது அலாதியான பிரியம் உண்டு. கதாநாயகியை எப்படித் தீர்த்துக் கட்டுவது என்று தெரியாமல் திண்டாடும் வேளையில் அது கை கொடுத்து உதவுகிறது. மாரடைப்பு என்றால் சட்டென்று முடிந்துவிடும். வசனம் பேச அவகாசம் இராது. வாந்தி பேதி எழுதப் படிக்க நன்றாக இராது. க்ஷயம் அப்படியல்ல. நாயகி நாளுக்கு நாள் மெலிவாள்; மெலிய மெலிய அழகும் கூடும். ஒரு நாள் இருமுவாள். கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு! இன்னும் நான்கு வாரத்தில் தொடர்கதை முடிந்துவிடும் என்று வாசகருக்கும் தெரிந்துவிடும், பத்திரிகை மானேஜருக்கும் தெரிந்துவிடும்.

நானும் கதை எழுதிப் பிழைக்கிறவன்தான். ஆகவே சகோதர எழுத்தாளர்களை ஒரு கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு. அந்த நாயகி ஏன் ஒரு கதையிலாவது தன் வீட்டிலேயே இருந்து, தன் சமையலறையிலேயே நடமாடிக்கொண்டு, அண்டை அயலார் உதவியோடு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்து எழக்கூடாது? சாக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட்டாவது போக வேண்டும். இந்த இரண்டு வழிதானா நாம் அவளுக்கு வைத்திருப்பது?

1961-ல் வெளிவந்த 'பாலும் பழமும்' படத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. அதன் நாயகிக்கும் க்ஷயம்தான். கணவனின் ஆராய்ச்சிக்குத் தன் நோய் இடையூறாக இருக்கக்கூடாது என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போகிறாள். கடைசியில் குணமாகிறாள், ஆனால் சுவிட்சர்லாந்துக்குப் போய்! கொட்டகையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடிப்பைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ எனக்குப் புகார் இல்லை. எனக்கு உறுத்துவது தேதிதான். அந்தப் படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, சினிமாக் கம்பெனிகள் இருந்த அதே சென்னைப் பட்டணத்தில், சேத்துப்பட்டில், க்ஷயரோகி எங்கும் போக வேண்டாம், வீட்டிலேயே குணமாகலாம் என்று நிரூபித்து உலகத்துக்கே அறிவித்திருந்தார்கள்.

அந்த விவரம் நம்மில் பலருக்கு இன்றும் தெரியாது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் அதை நடத்த வந்தார். பட்டணத்து ஏழைகளில் 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இரு சாராருக்கும் அதே இரண்டு மருந்துகள்தான்: ஐஸோனியாஸிட், பி.ஏ.எஸ். அதே ஒரு வருஷம்.

சானடோரியத்துக்காரர்களுக்குக் கட்டில் உண்டு, காற்று உண்டு, நல்ல சாப்பாடு உண்டு, ஓய்வு உண்டு. வீட்டுக்காரர்களுக்கு என்ன உண்டு? ஓர் அறை, அதில் ஒரு குடும்பம் முழுவதும். வயிறு நிறையாத சாப்பாடு. உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலைக்குப் போக வேண்டிய நிர்ப்பந்தம். வருஷக் கடைசியில் பார்த்தபோது சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கு. சானடோரியத்துக்காரர்கள் உடம்பு நன்றாகத் தேறியிருந்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் நோயை வென்றதில் இரண்டு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோரும் பயந்த இன்னொரு காரியமும் நடக்கவில்லை. வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பத்தாரிடையே, நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் பரவவில்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தும் அப்படித்தான். காரணமும் விளங்கக்கூடியதே. பரவ வேண்டியது பெரும்பாலும் நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த காலத்திலேயே பரவிவிடுகிறது. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடம் தொற்றும் சக்தி அற்றுப்போகிறது.

1959-ல் இது பிரசுரமானபின் உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவை நோக்கி நடக்கத் தொடங்கியது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து நிறுவிய தாம்பரம் சானடோரியம் இப்போது அரசாங்க நெஞ்சக மருத்துவமனை. 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர் மின்சார ரயில் நிலையத்தில் மிச்சமிருக்கிறது. தினந்தோறும் அங்கே ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டிருப்பார்களோ, தெரியாது.

இவ்வளவும் சொன்னால் உடனே ஒரு கோஷ்டி புறப்பட்டுவிடும். "பார்த்தீர்களா, வீடு என்பது நமக்குக் கோயில் ஐயா! நம் குடும்ப வாழ்க்கையின் மகிமையே தனி!" என்று மேடை ஏறிவிடுவார்கள். அவர்களிடம்தான் எனக்கு இன்று முக்கியமான சண்டை.

சேத்துப்பட்டில் ஜெயித்தது வெறும் வீடு அல்ல. மருந்தைக் கட்டிக் கொடுத்து, "போய் வா, பகவான் காப்பாற்றுவார்" என்று அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை அவர்கள். நிலையத்து ஆட்கள் சந்து சந்தாக நுழைந்து வீடு தேடிப் போனார்கள். முன்னறிவிப்பில்லாமல் போய் நின்று மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து உள்ளே போயிற்றா, கூரையில் செருகப்பட்டதா என்று தெரிந்துகொள்ளச் சிறுநீரைக்கூடச் சோதித்தார்கள். வராதவனைத் தேடிப் பிடித்தார்கள். அந்த நடமாட்டத்தை எடுத்துவிட்டு வீட்டை மட்டும் புகழ்வது, கொத்தனாரை மறந்துவிட்டுக் கோபுரத்தைப் புகழ்வது போல.

நம் வீடுகளில் க்ஷயம் வந்தால் என்ன செய்கிறோம்? முதல் காரியம், தனி டம்ளர். இரண்டாவது காரியம், தனித் தட்டு. மூன்றாவது காரியம், நோயாளியை ஒரு மூலை அறையில் போட்டு, அக்கம்பக்கத்தார் இருமலைக் கேட்டுவிடப் போகிறார்களே என்று ஜன்னலைச் சாத்துவது. இந்த நோய் தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை, காற்றில் வருகிறது. திறந்து வைக்க வேண்டியது ஜன்னலை. படித்த குடும்பங்கள்கூட டம்ளரைப் பிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்துகின்றன. காரணம், டம்ளர் நோய்க்குப் பயந்து. ஜன்னல் ஊருக்குப் பயந்து. பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள் என்றால் ஜன்னலுக்குத் திரை வேறு!

எங்கள் தெருவில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். 26 வயதுப் பெண். பள்ளிக்கூடம் போகிற குழந்தை ஒன்று. கணவனுக்கு ஒரு கடையில் உத்தியோகம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, 34 கிலோ எடையோடு ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினார்கள். முதல் வாரம் அந்த வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆப்பிள் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. அவற்றைவிட அதிகமாக யோசனைகள் வந்தன. ஆட்டுப்பால் என்றார் ஒருவர். மலைக்காற்று என்றார் இன்னொருவர். தாயத்து என்றார் மூன்றாமவர். வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வீட்டில் காப்பி போட வேண்டியிருந்தது. போட்டது யார் தெரியுமா? இரண்டு நாள் அந்தப் பெண்ணே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போட்டாள். நோய் இன்னதென்று வெளியே தெரிந்ததும் கூட்டம் நின்றது. வீட்டுக்காரர் மட்டும் வந்தார், காலி செய்யச் சொல்லி.

அவளைப் பிழைக்க வைத்தவர்கள் வேறு. எதிர்ச்சாரியில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவரின் மனைவி, காலையில் தன் பிள்ளையோடு அந்தக் குழந்தையையும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மாள் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "மாத்திரை போட்டியாடீ?" என்று வாசலிலிருந்தே அதட்டுவாள், உள்ளேயிருந்து பதில் வரும் வரையில் நகரமாட்டாள். பழைய கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். மருந்து தொடங்கிய மறுநாள் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைக் கண்டு, ரத்தம் என்று நினைத்து அந்தப் பெண் மாத்திரைகளைப் பரண்மேல் போட்டுவிட்டாள். அவர்தான் வந்து, அது மருந்தின் நிறம், பயப்படாதே என்று எடுத்துக் கொடுத்தார். ஜன்னலைத் திறந்தவரும் அவரே. மூன்று வீட்டுக்காரர்கள் முறை வைத்துப் பகல் சாப்பாடு அனுப்பினார்கள். முட்டையும் பருப்பும் அதில் கட்டாயம். குழந்தையையும் கணவனையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். வீட்டுக்காரரிடம் ஐந்து பேராகப் போய்ப் பேசினார்கள். பேச்சு அவ்வளவு மரியாதையாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆறு மாதம் அவர் வாய் திறக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பம் இருந்தால் இதெல்லாம் தானாக நடந்திருக்கும்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். தானாகவா? கூட்டுக் குடும்பத்தில் வேலை தானாக நடந்ததில்லை. யாரோ ஒரு விதவை அத்தையோ, வாழாவெட்டியாகத் திரும்பி வந்த தமக்கையோ இரவெல்லாம் கண் விழித்துச் செய்தாள். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லாதபடி ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அந்த அத்தைக்கே க்ஷயம் வந்தபோது யார் விழித்திருந்தார்கள்? இன்றைக்கும் பாருங்கள். கணவன் படுத்தால் மனைவி பணிவிடை செய்கிறாள். மனைவி படுத்தால், "பிறந்த வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமே" என்கிறார்கள். இதற்குக் குடும்பத்தின் மகிமை என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

இன்னொரு வாதமும் உண்டு. "அரசாங்கம் மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது, 2018 முதல் சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக்கிவிட்டது. நாம் வேறு என்ன செய்ய வேண்டும்?" கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அந்த ரூபாய் ஒரு வீட்டில் ஓர் ஆளின் வயிற்றுக்கு மட்டும் போய்ச் சேருமா? பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை முன்னால் எந்தத் தாய் தனியாக முட்டையை உரித்துத் தின்பாள்? ஜார்க்கண்டில் 2019-லிருந்து 2022 வரை ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டைச் சேர்ந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் கொடுத்தார்கள். ஒரு சாராருடைய குடும்பத்தாருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு என்று சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. சேத்துப்பட்டு ஆராய்ச்சியைக் காட்டி, மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று வாதாடியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருந்து நோயாளியைக் காப்பாற்றுகிறது என்பது அங்கே தெரிந்தது. அரிசியும் பருப்பும் அவள் குழந்தையைக் காப்பாற்றுகின்றன என்பது இங்கே தெரிந்திருக்கிறது. ஆப்பிள் வாங்கிப் போகிற அன்பர்கள், அந்தக் காசுக்கு இரண்டு கிலோ துவரம்பருப்பு வாங்கிப் போகலாம். கொடுக்கும்போது பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் இன்னும் உத்தமம். வியாதியை மறைத்து வைத்திருக்கிற ஒரு பெண்ணை, கையில் கூடையோடு நிறுத்திப் பத்திரிகையில் போடுவதற்குப் பெயர் தர்மம் அல்ல.

எல்லோரையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். நிற்க முடியாதவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், எலும்பும் தோலுமாகிவிட்டவர்கள் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவர்களை ஆரம்பத்திலேயே இனம் பிரித்துச் சேர்ப்பதற்கென்று 2022-ல் தமிழ்நாட்டில் ஒரு திட்டமே தொடங்கினார்கள். நான் பேசுவது, அங்கிருந்து உயிரோடு திரும்பி வருகிறவர்களைப் பற்றி. ஆஸ்பத்திரி வாசலில் நம் கவலை முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"ஆறு மாதம் மாத்திரை விழுங்குவதில் என்ன ஐயா கதை இருக்கிறது?" என்று ஒரு பத்திரிகாசிரியர் என்னைக் கேட்டார். மூன்றாவது மாதத்தைப் பற்றி எழுதலாமே என்றேன். இருமல் போய்விட்டது. காய்ச்சல் போய்விட்டது. 34 கிலோ 41 ஆகிவிட்டது. கண்ணாடியில் பழைய முகம் தெரிகிறது. "இன்னும் எதற்கு இந்தச் சனியன் பிடித்த மாத்திரை?" என்று கணவன் கேட்கிறான், கெட்ட எண்ணத்தால் அல்ல, பார்க்கப் பார்க்க அவனுக்கு அலுத்துவிட்டது. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. சாப்பாடு அனுப்பிய மூன்று வீடுகளில் ஒன்று நிறுத்திவிட்டது. இன்னும் பாக்கி மூன்று மாதம். இப்போது விட்டால் நோய் திரும்பி வரும். முன்னைக்கு முரடாக, பழைய மருந்துக்கு மசியாமல்கூட வரும். இதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் அன்று காலை மாத்திரையை எடுக்கக் கை வரவில்லை. அப்போது வாசலில் அந்த இஸ்திரிக்காரர் மனைவி வந்து நிற்கிறாள், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது, உள்ளேயிருந்து பதில் வரக் காணோம்.

பத்திரிகாசிரியர் சற்று யோசித்துவிட்டு, இதில் காதல் எங்கே வருகிறது என்று கேட்டார்.