வடிகட்டியைக் குத்தி உடைக்காதீர்கள்

"ஃபில்டரைக் கழற்றிவிட்டால் மைலேஜ் கூடுமாமே?" பி.எஸ்.6 டீசல் வண்டி பார்க்கும் பட்டறையில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கேட்கிறவர் மேல் கோபமில்லை. டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது, புது டீசல் துகள் வடிகட்டியின் (டிபிஎஃப்) விலையைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. வருத்தமெல்லாம் நம் தொழில்காரர்கள் மேல்தான். உள்ளிருக்கும் பீங்கானைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, வெறும் கூட்டை வெல்டிங் வைத்து, இசியூவிலும் அதை மறைத்து அனுப்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

வடிகட்டி காரணமில்லாமல் அடைக்காது. சென்ற மாதம் ஒரு பள்ளி வேன் மூன்றாவது முறையாக அதே விளக்கோடு என்னிடம் வந்தது. முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. முகர்ந்தால் டீசல் வாடை. சேர்ந்த கரியை எரிக்க வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளிக்கிறது. தெருவுக்குத் தெரு நின்று போகும் வேனில் அந்த எரிப்பு (ரீஜெனரேஷன்) பாதியிலேயே அணைகிறது. தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்குகிறது. இதில் ஒரு இன்ஜெக்டர் வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, ஆயிலை மாற்றி, ஸ்கேனர் வைத்து ரீஜெனரேஷன் கொடுத்தோம். அதே பழைய வடிகட்டியோடு வேன் இன்றும் ஓடுகிறது.

ஈஜிஆர் வால்வு, டர்போ சீல், பூஸ்ட் ஹோஸில் விரிசல் என்று தேட வேண்டிய இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். ஆயிலில்தான் பலர் கோட்டைவிடுகிறோம். கரி எரியும், ஆயிலின் சேர்மானங்களிலிருந்து வரும் சாம்பல் எரியாது, எத்தனை ரீஜெனரேஷன் கொடுத்தாலும் போகாது. சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் ஊற்றவேண்டும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தால் அந்தச் சாம்பல் வடிகட்டியின் ஆயுளைத் தின்றுவிடும்.

2020 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.6 வந்தபோது, டீசல் காருக்கான துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆக இறங்கியது. துகள்களின் எண்ணிக்கைக்கும் முதன்முறையாக வரம்பு வந்தது: கிலோமீட்டருக்கு 60,000 கோடி. வடிகட்டி இல்லாமல் இதை எட்ட முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதி செய்துவிட்டது. மூடிய பட்டறைக்குள் வண்டியை முறுக்கிப் பார்க்கும் நம் பையன்களின் நுரையீரலுக்குத்தான் அந்தப் புகை முதலில் போகிறது.

வடிகட்டியை உடைத்த வண்டியும் புகைச் சான்றிதழ் வாங்கிவிடுகிறது என்பதுதான் வேதனை. நம் சோதனை மையங்களில் அளப்பது புகையின் அடர்த்தியை மட்டும். இன்றைய எஞ்சினின் நுண்துகள் கண்ணுக்குப் படாது. அந்தக் கருவிக்கும் சரியாகப் படாது. நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023 முதல் காலமுறைச் சோதனையில் துகள்களை எண்ணுகின்றன. நெதர்லாந்தில் கன சென்டிமீட்டருக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் வண்டி தேறாது. ஜெர்மனியில் இரண்டரை லட்சம்தான். துகள் எண்ணும் கருவி இங்கும் வரவேண்டும் என்று நம் சங்கங்கள் போக்குவரத்துத் துறையிடம் கேட்கவேண்டும்.

அதுவரை ஒரு வெள்ளைத் துணி போதும். வண்டி உள்ளே வந்ததும் சைலன்சர் குழாயின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். நல்ல வடிகட்டி இருந்தால் துணியில் கரி ஒட்டாது. ஒட்டினால் ஜாப் கார்டில் எழுதி, உரிமையாளரிடம் அந்தத் துணியைக் காட்டுங்கள்.