யுத்தகாலப் பழக்கங்கள் இன்னும் நம்மோடுதான் இருக்கின்றன

நமது ஊர்களில் வயதானவர்களிடம் "கூப்பன்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே அரிசிதான் நினைவுக்கு வரும். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அதே வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடாவும் குண்டுவீச்சுக்கு இலக்காகின. உலக யுத்தம் 1945இல் முடிந்தது. ஆனால் யுத்தகாலத்தில் வந்த அரிசிப் பங்கீடு 1970களின் இறுதிவரை நீடித்தது.

யுத்தத்துக்காக வருபவை யுத்தத்தோடு போய்விடுவதில்லை. கூப்பன் ஏழைகளின் பசியைப் போக்கியது. எல்லாப் பழக்கங்களும் அப்படி நன்மை தருவதில்லை.

2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டின் கதவுகள் மூடப்பட்டன. முஸ்லிம், தமிழ், சிங்கள விவசாயிகளின் வயல்கள் ஒன்றாகவே தண்ணீரின்றிக் கிடந்தன. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூர் முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கமாக இடம்பெயர்ந்தார்கள். பாடசாலைகள் முகாம்களாகின. ஆகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 16 பேர் தமிழர்கள், ஒருவர் முஸ்லிம். இதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

மரணங்களை எண்ணுகிறோம். அன்றாட வாழ்க்கை மாறியதை யாரும் எண்ணுவதில்லை. மீனவர்களுக்கு இரவுக் கடல் மூடப்பட்டது. விவசாயிக்கு யூரியா கிடைப்பது கஷ்டமானது. சோதனைச் சாவடிக்குப் பயந்து ஆண்கள் வீட்டிலிருக்க, உம்மாமார் கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தார்கள். மஃரிபுக்கு முன் வீடு திரும்புவது ஒழுக்கம் என்பதைவிடப் பாதுகாப்பாகவே பார்க்கப்பட்டது.

இவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. 2009இல் கிண்ணியாப் பாலமும் திறக்கப்பட்டது. ஆனால் நம்முடைய சந்தை, நம்முடைய கடை, நம்முடைய பாடசாலை என்று ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை. அன்று அது உயிர் காக்கும் வழி, இன்று அதுவே சுவராகி நிற்கிறது. 2018இல் திருகோணமலைப் பாடசாலையொன்றில் எழுந்த அபாயாப் பிரச்சினை அவ்வளவு வேகமாக ஊர்ப் பிரச்சினையானதற்கு இந்தச் சுவரும் ஒரு காரணம். ஆசிரியைகளின் உடை உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேசித் தீர்க்க ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதையே சொல்கிறேன்.

ஒருநாள் பத்தாம் தர வகுப்பில், தமிழ் நண்பர் ஒருவரின் பெயர் சொல்லும்படி கேட்டேன். வகுப்பே மௌனமானது. அந்தப் பிள்ளைகளில் சிலரின் வாப்பும்மாமார் தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து வேளாண்மை செய்தவர்கள்.

இரு சமூகத்துப் பிள்ளைகளும் படிப்பது ஒரே மொழி, ஒரே பாடநூல். எழுதுவதும் ஒரே சாதாரண தரப் பரீட்சை. அடுத்த விடுமுறையில் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையோடு சேர்ந்து ஒரு கணிதக் கருத்தரங்கு நடத்தப் பெரிய நிதி தேவையில்லை. அதிபர்கள் இருவர் பேசினால் போதும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பெற்றோரும் அதற்குத் துணை நிற்க வேண்டும். அயலவரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் கேட்கும் நாம், அயலவரின் பெயரையாவது நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.