புள்ளி போடுறவரிட்டயே அழுறதா?

எங்கட பல்கலைக்கழகங்களில் 'மாணவ ஆலோசகர்' எண்டு ஒரு பொறுப்பு இருக்கு. பெரும்பாலும் விரிவுரையாளர் ஒருவருக்குத்தான் அதையும் சேர்த்துக் குடுப்பினம். நல்ல மனிசராகவே இருக்கட்டும். நாளைக்கு எங்கட விடைத்தாளைத் திருத்தப்போறவரிட்டப் போய், "சேர், மூண்டு கிழமையா நித்திரையில்லை, செத்துப்போகலாம் போல கிடக்கு" எண்டு எப்பிடிச் சொல்லுறது? சொன்னாலும், வெளியில 'மந்திகைக் கேஸ்' எண்ட பகிடி காத்துக்கொண்டு நிக்கும். பகிடிவதையை 1998இலேயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. அதில உடைஞ்ச பிள்ளை யாரிட்டப் போறது?

அந்த விரிவுரையாளருக்கும்தான் யார் இருக்கினம்? 2022க்குப் பிறகு வெளிநாடு போனவையின்ர பாடங்களும் மிஞ்சினவையின்ர தலையில. விடுதிக் காவலாளியின்ர மனசைப் பற்றி நாங்களே கதைச்சதில்லை.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடமில்லை. பரீட்சையோடு சம்பந்தமில்லாத, முறையாகப் பயின்ற, தமிழில் கதைக்கக்கூடிய முழுநேர உளவளத்துணையாளர் ஒருவர். மாணவருக்கும் ஊழியருக்கும் பொதுவாக. பீடத்துக்குத் தள்ளி ஒரு அறை. பெயர்ப்பலகை இல்லாட்டியும் பரவாயில்லை, கதவு ஒழுங்காச் சாத்தினால் போதும். போறவை வாறவையின்ர பெயர் பீடாதிபதி மேசைக்குப் போகக்கூடாது.

அது வரும்வரைக்கும் 1926ஐ போனில் சேமிச்சு வையுங்கோ. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலயும் எடுக்கலாம்.