அச்சு அகன்றால் போதுமா?

பழைய சிஜே-5 ஜீப்பை வாங்கிய நண்பர், அதற்கு அகலமான அச்சுகளைப் பொருத்த விழைகிறார். நியாயமே. அவ்வண்டி எளிதில் கவிழ்கிறது என்ற குற்றச்சாட்டு 1980-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுந்தது. 1982-இல் சிஜே-7 வகைக்குத் தயாரிப்பாளரே அகன்ற அச்சுகளைத் தந்தார்.

அடித்தளம் அகன்றால் நிலைத்தன்மை கூடும். உயரம் ஏறினால் குறையும். அறிவியல் வகுப்பில் நாம் கற்பிக்கும் பாடமிது. பலர் முதற்பாதியை மட்டும் நினைவிற்கொண்டு, அகன்ற அச்சுடன் உயரமான டயர்களையும் மாட்டிவிடுகின்றனர். முன், பின் அச்சுகளின் பல்விகிதம் ஒத்திருக்கவும் வேண்டும். இன்றேல் நான்கு சக்கர ஓட்டத்தில் பற்சக்கரங்கள் பழுதாகும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் புதிய அச்சுக்கு இசைதல் வேண்டும்.

பின்னிருக்கையில் அமர்பவர்கள் நம் பிள்ளைகள். மாற்றுவதாயின் முழுமையாக மாற்றுங்கள். இயலாதெனில் பழைய அச்சோடு மெல்லச் செல்வதே அறிவுடைமை.