திறந்திருக்கும் தெற்குத் திசை

ஆப்பிரிக்கக் கானகம் என்றதும் நம் மனக்கண்ணில் விரிவது எல்லை காணவியலாத செரங்கெட்டிப் புல்வெளியே. நைரோபி தேசியப் பூங்காவின் பரப்போ வெறும் 117 சதுர கிலோமீட்டர்தான். 1946இல் அமைக்கப்பட்ட இது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்துக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கும் காட்சியைப் படங்களில் கண்டிருப்போம். "இதெல்லாம் ஒரு காடா?" என்று எளிதாகக் கேட்டும் விடுகிறோம்.

காடுதான். சிங்கமும் சிறுத்தையும் எருமையும் வரிக்குதிரையும் இங்கே இயல்பாக வாழ்கின்றன. வேட்டைக்காரர்களால் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட கறுப்புக் காண்டாமிருகத்துக்கு இது முக்கியமான புகலிடம். மேற்கே உலர்காடு, நடுவே புல்வெளி, ஆற்றோரங்களில் மஞ்சள் பட்டை வேலமரங்கள் என இச்சிறு நிலத்துக்குள் பல நிலங்கள் அடங்கியுள்ளன. காட்டு யானை மட்டும் இல்லை. ஆயினும் 1989இல் 12 டன் தந்தங்களையும், 2016இல் 105 டன் தந்தங்களையும் கென்யா தீயிட்டு உலகுக்குச் செய்தி சொன்னது இம்மண்ணில்தான்.

பூங்காவின் மூன்று பக்கமும் வேலி. தெற்கில் மட்டும் ம்பகாதி ஆறே எல்லை. மழைக்காலத்தில் வில்டபீஸ்ட்களும் வரிக்குதிரைகளும் ஆற்றைக் கடந்து மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்லும்; கோடையில் நீர் தேடித் திரும்பும். அந்நிலங்கள் துண்டுபோடப்பட்டு, விற்கப்பட்டு, வேலியிடப்பட்டுவிட, வில்டபீஸ்ட்களின் பெரும் வலசை ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பூங்காவின் குறுக்கே தூண்களின் மேல் செல்லும் இருப்புப்பாதையில் 2019 முதல் ரயில்கள் ஓடுகின்றன. 2020இல் வெளியான மேலாண்மைத் திட்ட வரைவு தெற்கிலும் வேலியிடும் யோசனையை முன்வைத்து, கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

வேலி கேட்போரின் வாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. சிங்கத்திடம் ஆட்டையும் மாட்டையும் பறிகொடுத்த மேய்ப்பரிடம் சூழலியல் பேசுவது அறமன்று. அவருக்கு உரிய இழப்பீடும், நிலத்தைத் திறந்துவைப்பதற்கான குத்தகைப் பணமும் தவறாமல் கிடைக்க வேண்டும். வேலியைவிட அதுவே நிலைத்த தீர்வு என்பது நம் கருத்து.

நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் விலங்குகள் அங்கேயே இருக்கும், பயணிகளும் வருவார்கள், படங்களும் எடுப்பார்கள். ஆனால் அதன்பின் அதற்கு மிருகக்காட்சிசாலை என்று பெயர். 117 சதுர கிலோமீட்டரைக் காடாக வைத்திருப்பது அடைபடாத அந்த ஒரு திசைதான்.