படகுக்காகக் காத்திருக்கும் ஓட்டோக்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை ஊடாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்றால் அங்கே தரைவழி முடிவடைகின்றது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே வழி. இத்துறையில் தரித்து நிற்கும் முச்சக்கர வண்டிச் சாரதிகளின் உழைப்பு நேரத்தைத் தீர்மானிப்பது கடலேயாகும். காற்றுக் கடுமையாகிப் படகுச் சேவை நிறுத்தப்பட்டால் அன்றைய வருமானமும் நின்றுவிடுகின்றது.

ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் மகோற்சவத்திற்கும், ஆண்டு முழுவதும் அங்குள்ள நாகவிகாரைக்கும் யாத்திரிகர்கள் திரளாக வருகின்றனர். இதைக் கண்டு சாரதிகள் கொழிக்கின்றனர் என எண்ணிவிடக் கூடாது. வந்தோரிற் பெரும்பாலோர் வாடகை பஸ்களில் வந்து அவற்றிலேயே திரும்பிவிடுகின்றனர். ஓட்டோவை நாடுவோர் பஸ்ஸைத் தவறவிட்டவர், நோயாளி, மூட்டை முடிச்சுகளுடன் வரும் நெடுந்தீவுக் குடும்பம், விடுமுறையில் வரும் புலம்பெயர்ந்த உறவினர் ஆகியோரே.

உள்ளூர்ப் பயணிகள் குறைந்ததற்குப் போரே முதற் காரணம். 1990இல் தொடங்கிய இடப்பெயர்வில் தீவகம் பெருமளவு வெறுமையானது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தலைமுறைகளாக நிலைத்திருந்த வணிகத் தொடர்புகளும் அறுந்தன. மீள்குடியேற்றம் நடந்தும், தமிழரிலும் முஸ்லிம்களிலும் திரும்பாதோர் பலர்.

கட்டணத் தகராறுக்கும் இதுவே வேர். குறிகட்டுவானிலிருந்து யாழ். நகர் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அங்கிருந்து திரும்புகையில் சவாரி கிடைப்பது அரிது. நகரத்திற்கென வகுக்கப்பட்ட மீற்றரோ பயணி அமர்ந்திருக்கும் தூரத்தை மட்டுமே கணக்கிடும். எனவே சாரதி வெற்றுப் பயணத்தையும் சேர்த்துக் கேட்கிறார்; பயணி அதைக் கொள்ளை என்கிறார். வேறு வழியற்றவரிடம் நியாயத்திற்கு மிஞ்சிக் கேட்கும் சிலரும் உளர் என்பதை மறைப்பதற்கில்லை.

2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடி இந்நிலையை வெளிச்சமாக்கியது. கியூஆர் முறையின் தொடக்கத்தில் முச்சக்கர வண்டிக்கு வாரத்திற்கு 5 லீற்றர் பெற்றோலே வழங்கப்பட்டது. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடுமெனக் கொண்டாலும், குறிகட்டுவான் சாரதிக்கு அது நகருக்கு இரண்டே தடவை சென்று திரும்பப் போதுமானது. லீசிங் தவணையோ மாதந் தவறாமல் வந்தது. கோட்டா பின்னர் கூட்டப்பட்டு, 2023 செப்டெம்பரில் அம்முறை கைவிடப்பட்டது. 2020 மார்ச்சில் தடைப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை திறக்கப்படாமையால், பழைய வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டியோரே அதிகம்.

நெடுந்தீவில் நிலைமை இன்னும் இறுக்கமானது. அங்கு எரிபொருளும் உதிரிப்பாகமும் கடல் கடந்தே வரவேண்டும். ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கமரம், குதிரைகள் ஆகியவற்றைக் காணவரும் உல்லாசப் பயணிகள் காலைப் படகில் வந்து பிற்பகற் படகில் மீளவேண்டியிருப்பதால், சாரதிக்குக் கிடைப்பது சில மணி நேர உழைப்பே. அதிலும் லான்ட்மாஸ்டர்கள் பங்குகொள்கின்றன.

வெற்றுப் பயணத்தையும் கணக்கிட்ட ஒரு கட்டணப் பட்டியலைப் பிரதேச செயலகங்கள் சாரதிகளையும் பயணிகளையும் அழைத்துத் தீர்மானித்து, இறங்குதுறையில் பலகையாக நாட்டலாம். கடைசிப் படகு வந்தபின் பஸ் புறப்பட ஒழுங்கு செய்தால் சாரதிகள் சிலர் முணுமுணுக்கலாம். ஆயினும் அது அவசியம். இரவிற் படகில் நோயாளி வந்திறங்குகையில் அம்புலன்ஸ் தாமதித்தால் அழைக்கப்படுபவர் இதே சாரதிதான். முறைவைத்து இரவில் விழித்திருக்கும் ஒருவருக்குச் சிறு கொடுப்பனவு வழங்குவது அரசுக்குப் பெருஞ்செலவாகாது.